அப்ரண்டிஸுக்கு 25 ஆயிரமா?

கேள்வி: நாங்கள் திருவெறும்பூர் பக்கம் நரிக்குறவர் குடும்பம். தம்பி அரசு ஐடிஐயில் வெல்டர் முடித்திருக்கிறான். எங்களிடம் இருப்பது பழைய எம்பிசி சான்றிதழ். 25 ஆயிரம் கொடுத்தால் எஸ்டி சான்றிதழும் வாங்கி, பெரிய கம்பெனியில் அப்ரண்டிஸ் சேர்த்து, அப்புறம் பெர்மனென்ட்டும் ஆக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். தம்பியின் அசல் மார்க் ஷீட் அவர் கையில் இருந்தால் இன்றைக்கே போய் வாங்கிவிடுங்கள். அசலைப் பிடித்துவைத்துக்கொண்டு மாதாமாதம் கறக்கிற ஆட்களை ஐடிஐயில் வேலை பார்த்த காலத்தில் நிறையப் பார்த்துவிட்டேன்.

தொழிற்பழகுநர் பயிற்சி 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். அரசு இணையதளத்தில் பதிவு செய்யக் காசு கிடையாது. உங்கள் ஊரிலேயே பெல் இருக்கிறது, பொன்மலை ரயில்வே பணிமனை இருக்கிறது. அறிவிப்பைப் பார்த்து நேரடியாக விண்ணப்பிக்கலாம். ரயில்வேயில் எழுத்துத் தேர்வுகூட இல்லை, மதிப்பெண்ணை வைத்துத்தான் எடுக்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சட்டத்திலேயே இல்லாத பெர்மனென்ட்டை அந்த ஆள் எங்கிருந்து கொண்டுவருவார்?

சரி, சான்றிதழுக்கு வருவோம். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால்தான் நீங்கள் எஸ்டி பட்டியலுக்கு வந்தீர்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். எம்பிசி சான்றிதழைத் தாலுகா ஆபீஸில் கொடுத்தார்கள். எஸ்டிக்குக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். எஸ்டி பட்டியலில் உள்ள பெயர் நரிக்கொரவன், குருவிக்காரன். வெறும் ‘குறவன்’ என்று தட்டிவிட்டால் அது எஸ்சி பட்டியல். முன்னால் வேறொரு சொல் ஒட்டிய குறவர் பிரிவுகள் சிலவோ சீர்மரபினர் பட்டியலில் இருக்கின்றன. மூன்றும் வேறு வேறு சாதி, வேறு வேறு சலுகை. கணினியில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் ஒன்றுதான்! பிறகு திருத்த நடையாய் நடக்கப்போவது நீங்கள். அனுப்புவதற்கு முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

பழைய எம்பிசி சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. ‘அப்பாவுடையது எங்கே, தாத்தாவுடையது எங்கே’ என்று கேட்டு அலையவிடுவார்கள். பாசிமணி விற்று ஊர் ஊராகப் போன மனிதர் தாலுகா ஆபீஸ் சீட்டை எந்த மூட்டையில் பத்திரப்படுத்தியிருப்பார்? இதைக் கேட்கிறவர்களே யோசிப்பதில்லை.

சான்றிதழ் வரட்டும் என்று தம்பியைச் சும்மா உட்காரவைக்க வேண்டாம். இட ஒதுக்கீடு, வயதுத் தளர்வு, கட்டண விலக்கு இவற்றுக்குத்தான் அது தேவை. தனியார் ஃபேப்ரிகேஷன் கம்பெனிக்கு ஐடிஐ சான்றிதழும் ஆதாரும் போதும். ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும். உதவித்தொகையில் அரசின் பங்கு ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தது மாதம் 7,000 ரூபாய் என்று 2019இலேயே விதி போட்டாயிற்று. அதைவிடக் குறைத்து எழுதிய ஒப்பந்தத்தில் தம்பி கையெழுத்துப் போடக் கூடாது.

அப்ரண்டிஸ் பயிற்சியில் வருகைப் பதிவில் கறாராக இருப்பார்கள். திருவிழா வியாபாரத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பினால், பயிற்சி நடக்கும் அந்த ஒரு வருஷம் மட்டும் தம்பியை ஊரில் விட்டுவிட்டுப் போங்கள்.