பீரோவில் பூட்டிய சான்றிதழ்

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. வாயால் கேட்டால் பாடம் முழுக்க ஒப்பிக்கிறான். எழுதினால் வரிக்கு வரி பிழை, நேரமும் போதவில்லை. டிஸ்லெக்சியா, அதாவது படிக்க எழுதத் தடுமாறும் கற்றல் குறைபாடு என்று போன வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் சான்றிதழ் கொடுத்தார்கள். மூத்தவளுக்கு வரன் பார்ப்பதால் அதைப் பீரோவில் வைத்திருக்கிறேன். மூன்று டியூஷன் மாற்றியாச்சு. வேறு நல்ல டியூஷன் சொல்லுங்களேன்.
- ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: நாலாவது டியூஷன் வேண்டாம். முதலில் பீரோவைத் திறங்கள், அம்மா.

மகளின் கல்யாணத்துக்காக மகனின் படிப்பை அடகு வைத்திருக்கிறீர்கள். இது அவளுக்குத் தெரியுமா? தம்பிக்கு எழுத்து தடுமாறுகிறது என்று பின்வாங்கும் சம்பந்தம், நாளைக்கு நீங்கள் படுத்துவிட்டால் உங்களைப் பார்க்க அவளை அனுப்புமா? அப்படிப்பட்ட வீடு தள்ளிப்போவதே நல்லது. ஒரு பிள்ளையை மறைத்து இன்னொன்றைக் கரையேற்றுவது பெற்றவர்கள் செய்கிற காரியமா?

கற்றல் குறைபாடு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஒன்று. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. தானாக வராது. சான்றிதழ் நகலோடு தலைமையாசிரியரிடம் இந்த வாரமே விண்ணப்பம் கொடுங்கள். 'சலுகை வேண்டும்' என்று மொட்டையாக எழுதாமல், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். விண்ணப்பத்தின் நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி வழியாகத்தான் அது அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். பரீட்சை அன்று காலையில் சான்றிதழை நீட்டினால் ஆள் தர மாட்டார்கள். அனுமதி முன்பே மையத்துக்கு வந்திருக்க வேண்டும்.

அனுமதி வந்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. சொல்லிப் பழகாத பையன் கணக்கில் மாட்டுவான். இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தில் 'ரூட்டுக்குள் பி ஸ்கொயர் மைனஸ் நாலு ஏ சி' என்றவன், 'ரூட் முடிந்தது, மொத்தத்துக்கும் கீழே கோடு, அடியில் ரெண்டு ஏ' என்று சொல்லாவிட்டால், எழுதுபவர் கோட்டை ரூட்டுக்கு மட்டும் போட்டுவிடுவார். மதிப்பெண் போச்சு. தினமும் ஒரு பெரிய கேள்வியை அவன் சொல்ல, அக்கா எழுதட்டும். சொன்னதை மட்டும், திருத்தாமல். அரையாண்டுத் தேர்வையும் இப்படியே எழுத வைக்கப் பள்ளியில் கேளுங்கள்.

மொழி விலக்கை மட்டும் அவனைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். தமிழ் பிடிக்கும் என்றால் அதையும் சொல்லியே எழுதட்டும்.