அடுக்கும் வேலைக்கு என்ன கூலி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெருநாள் காலம் நெருங்கினால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இரண்டு வகை ஆட்களுக்குத் தேவை கூடிவிடும்: முறுக்கு சுற்றுபவர்கள், பேரங்காடியில் பொருள் அடுக்குபவர்கள். பொருள் கம்பெனிகளுக்காகக் கடைகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ‘பகுதிநேர மெர்ச்சண்டைசர் தேவை’ என்று அறிவிப்பு மேல் அறிவிப்பாகப் போடுகின்றன. தோட்டத்து வேலைக்குப் பிள்ளைகள் போக விரும்புவதில்லை. தொழிற்சாலை பஸ்ஸுக்கு விடியுமுன் போய் நிற்கக் கைக்குழந்தைக்காரிகளால் முடிவதில்லை. அதனால் இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறார்கள். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் காசைப் பற்றியவை. அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா, ஒரு கடைக்கு 35 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார்கள். சுங்கை சிப்புட்டில் இரண்டு கடை, ஈப்போவில் ஒரு கடை. ஒப்புக்கொள்ளலாமா?
— புதிதாகத் தொடங்கும் வாசகி

சுங்கை சிப்புட் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஈப்போ கடைக்கு இந்த விலை ஆகாது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உள்ளூர்க் கடையில் அலமாரி முன் நிற்பது ஒன்றரை மணி நேரம், போய்வரக் கால் மணி, வீட்டில் உட்கார்ந்து படங்களையும் அறிக்கையையும் அனுப்ப அரை மணி. மொத்தம் இரண்டே கால் மணி. 35 வெள்ளியை வகுத்தால் மணிக்கு 15 வெள்ளிக்கு மேல் வருகிறது. நல்ல கூலிதான்.

ஈப்போவுக்குப் போய்வர ஏறத்தாழ 60 கிலோமீட்டர். செம்மோர் வழியாகப் போய்வரப் போக்குவரத்துக்கு மட்டும் ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். பெரிய பேரங்காடியில் பின்வாசலில் பதிவு செய்து, பாஸ் வாங்கி, சரக்கு அறையில் உங்கள் பெட்டியைத் தேடி எடுக்கவே அரை மணி ஆகும். அடுக்க இரண்டு மணி, அறிக்கைக்கு அரை மணி. ஆக நாலேகால் மணி. காரில் போகிறீர்கள் என்றால் எண்ணெய்க்கும் நிறுத்துமிடத்துக்கும் 12 வெள்ளி கழியுங்கள். மிச்சம் 23 வெள்ளி, அதாவது மணிக்கு 5 வெள்ளி 41 சென். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் மாதம் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. மணிக் கணக்கில் அது 8 வெள்ளி 72 சென். அதைக்கூட இந்தக் கடை தொடவில்லை.

‘ஒரே நாளில் ஈப்போவில் மூன்று கடை தருகிறோம்’ என்பார்கள். அதையும் போட்டுப் பார்த்தேன். வரவு 105, செலவு 15, நேரம் பத்தேகால் மணி. மணிக்கு 8 வெள்ளி 78 சென். காலை எட்டுக்குப் புறப்பட்டு மாலை ஆறேகாலுக்கு வீடு திரும்பி, தேநீர்கூடக் குடிக்காமல் இருந்தால்தான் அந்த எட்டும் சில்லறையும்.

அந்த 8 வெள்ளி 72 சென் சம்பளக்காரர்களுக்கான தரைக்கோடு. அவர்களுக்காக முதலாளி 13 விழுக்காடு இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி) போடுகிறார், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா கட்டுகிறார், மருத்துவ விடுப்புக்கும் பொது விடுமுறைக்கும் சம்பளம் தருகிறார். உங்களுக்கு இதில் ஒன்றும் கிடையாது. ஆகவே செலவு போக மணிக்கு 12 வெள்ளியாவது நிற்கவேண்டும் என்பது என் கணக்கு. ஈப்போவின் ஒற்றைக் கடைக்கு 60 வெள்ளிக்கு மேல் கேளுங்கள், அல்லது 51 வெள்ளியோடு பயணப்படி தனியாகக் கேளுங்கள். பயணப்படி தரமாட்டோம் என்று ஒரேயடியாகச் சொல்லும் ஏஜென்சி, தொலைவான கடைகளையே உங்கள் தலையில் கட்டும். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூன்று மாதமாகக் கூலி வரவில்லை. கேட்டால், ‘பொருள் கம்பெனி எங்களுக்கே இன்னும் கொடுக்கவில்லை’ என்கிறார்கள். என்ன செய்வது?
— லிந்தாங் பக்கத்து வாசகர்

அவர்களுக்கும் பொருள் கம்பெனிக்கும் உள்ள கணக்கு உங்களைக் கட்டுப்படுத்தாது, தம்பி. உங்களை வேலைக்கு அனுப்பியது ஏஜென்சி. கூலி தரவேண்டியதும் அதுதான். ‘கம்பெனி கொடுத்த பிறகே கூலி’ என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு. அப்படி ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனிமேல் அந்த வரிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, எழுத்து வேலை. எந்தத் தேதியில் எந்தக் கடை, என்ன தொகை, யார் அனுப்பிய உத்தரவு என்று ஒரு பட்டியல் போட்டு, ‘இந்தத் தேதிக்குள் செலுத்தவும்’ என்று பதினான்கு நாள் கெடு வைத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் கத்துவது மனத்துக்கு ஆறுதல், வழக்குக்கு உதவாது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கிராணி (தோட்டக் கணக்கர்) செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் ஏற்றாத நாளுக்கு, காடு முழுக்க வெட்டியிருந்தாலும் சம்பளம் இல்லை. இங்கே கிராணி நீங்களே.

கெடு தாண்டினால் இரண்டு வழி. உங்களிடம் எழுத்து ஒப்பந்தமே இல்லை, எத்தனை மணிக்குப் போகவேண்டும், எப்படிச் செய்யவேண்டும் என்பதையெல்லாம் அவர்களே தீர்மானிக்கிறார்கள், சீருடையும் கருவியும் அவர்களுடையவை, உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி மாதந்தோறும் அவர்களிடமிருந்தே வருகிறது என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில் 101சி பிரிவு இருக்கிறது. இத்தகைய அடையாளங்கள் இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அந்த ஆளை ஊழியர் என்றே அனுமானிக்க வேண்டும் என்கிறது அது. ‘பிரீலேன்ஸ்’ என்று பெயர் சூட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கும் ஏஜென்சிகளுக்கு இந்தப் பிரிவு கசக்கும். ஊழியர் என்று ஆகிவிட்டால், சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் தரவேண்டும் என்ற விதியும் சேர்ந்து வரும்.

நீங்கள் உண்மையிலேயே பல ஏஜென்சிகளுக்குச் சொந்த நேரத்தில் வேலை செய்பவர் என்றால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு. 5,000 வெள்ளி வரை கேட்கலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. 198-ஆம் பாரத்தை நிரப்பி, பட்டியலையும் புலனச் செய்திகளின் படப்பிரதிகளையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். நீதிமன்ற அழைப்பாணை போய்ச் சேர்ந்ததும் காணாமல்போன கணக்காளர் பல இடங்களில் திடீரென்று கிடைத்துவிடுகிறார்.

அதுவரை அதே ஏஜென்சிக்கு மேலும் கடை எடுக்காதீர்கள். பழைய கூலியை மீட்க வேண்டும் என்று புதுக் கூலியையும் சேர்த்து இழப்பவர்களே இந்தத் தொழிலில் அதிகம்.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். படம் சரியில்லை என்று இரண்டு கடைக்கான கூலியை வெட்டிவிட்டார்கள்.
— தாமான் வாசகி

அலுவலகத்தில் இருப்பவருக்கு உங்கள் அலமாரி தெரியாது. படம் மட்டுமே தெரியும். எனவே படமும் வேலையின் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுமுன் ஒரு படம். பெட்டி கிழிந்திருந்தாலும் தட்டு காலியாக இருந்தாலும் அப்படியே எடுங்கள். முடிந்ததும் அதே இடத்தில் நின்று, நேராக, மேல் பலகை முதல் தரை வரை முழு அலமாரியும் விழும்படி இன்னொன்று. பக்கத்துப் பிராண்டின் ஒரு வரிசையாவது ஓரத்தில் தெரியட்டும். இடம் எது என்பதற்கு அதுவே சாட்சி. விலைச் சீட்டுகளை நெருக்கமாகத் தனியாக எடுங்கள். வாடிக்கையாளர் முகம் விழக்கூடாது. கைப்பேசியில் தேதியும் இடமும் பதிவாகும் அமைப்பைத் திறந்து வையுங்கள். கடை மேற்பார்வையாளரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் கடையை விட்டு வராதீர்கள். அவர் சாப்பிடப் போயிருந்தால் காத்திருங்கள், அந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே தோட்டப்புறத்தில் குடியிருப்பவர்கள், இணையம் ஒழுங்காக வரும் பட்டணத்திலேயே படங்களை அனுப்பிவிட்டுப் புறப்படுவது நல்லது. காசு கைக்கு வரும்வரை எதையும் அழிக்காதீர்கள்.

ஏற்கெனவே வெட்டியதைப் பற்றி: எந்தப் படம், என்ன குறை என்று எழுத்தில் கேளுங்கள். மறுபடி போய் எடுத்துத் தர வாய்ப்பளிக்காமல் முழுக் கூலியையும் பிடிப்பது நியாயமில்லை. அடுத்த முறை வேலை ஏற்குமுன்பே, ‘படம் திருப்பப்பட்டால் எத்தனை நாளில் சொல்வீர்கள்’ என்று கேட்டு வையுங்கள்.

பிளானோகிராம் (அடுக்குப் படம்) பெரிய கடைக்குப் போட்டது. நம் ஊர்ச் சிறிய கடையில் அது அடங்கவே மாட்டேன் என்கிறது. எதை விடுவது?
— இரண்டாண்டு அனுபவமுள்ள வாசகர்

எனக்குப் பிடித்த கேள்வி. தலைமையகத்தில் வரைந்த அடுக்குப் படத்தை நம் ஊர் அலமாரி மதிப்பதே இல்லை.

எந்தப் பொருளையும் முழுதாக விட்டுவிடாதீர்கள், வரிசைகளைக் குறையுங்கள். நான்கு பாக்கெட் முகம் காட்டவேண்டிய இடத்தில் இரண்டு காட்டலாம். ஆனால் எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் எது என்ற வரிசைமுறை மாறக்கூடாது. கனமானவை கீழ்த்தட்டில், புதிதாக வந்தவையும் விளம்பரம் போகிறவையும் கண் மட்டத்தில். காலாவதித் தேதி முந்தியது முன்னால், புதுச் சரக்கு பின்னால். இதில் சோம்பல்பட்டால் அடுத்த மாதம் காலாவதிப் பெட்டியைச் சுமப்பதும் நீங்கள்தான். இடம் போதவில்லை என்று பக்கத்துப் பிராண்டை ஒரு விரற்கடை தள்ளுவது கூடவே கூடாது. அந்தப் பிராண்டின் ஆள் மறுநாள் வந்து இரண்டு விரற்கடை தள்ளுவார், சண்டையில் கடைக்காரர் இருவரையும் வெளியே அனுப்புவார்.

உள்ளூர் அறிவுக்கும் இடமுண்டு. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு நம் பட்டணத்தில் நெய், கடலை மாவு, நல்லெண்ணெய் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். தலைமையகப் படத்தில் நல்லெண்ணெய்க்கு ஒரே ஒரு வரிசை இருக்கலாம். நீங்களாக மாற்றிவிடாதீர்கள். கடை மேற்பார்வையாளரிடம் போன ஆண்டு விற்பனையைக் கேளுங்கள், ‘இரண்டு வரிசை கூட்டலாமா’ என்று படத்தோடு ஏஜென்சிக்கு எழுதுங்கள், ஒப்புதல் வந்தபின் மாற்றுங்கள். விற்பனை கூடினால் அந்தச் செய்தி உங்கள் பெயரோடு மேலே போகும். சொல்லாமல் மாற்றினால், கூடிய விற்பனை யார் கணக்கிலோ சேரும், குறை மட்டும் உங்கள் கணக்கில் நிற்கும்.

அடங்காத கடைக்கு இரட்டிப்பு நேரம் பிடிக்கும் என்பதையும் ஏஜென்சிக்கு அளவோடு சொல்லுங்கள். ‘அலமாரி மூன்றடி, படம் நான்கடிக்கு’ என்று எழுதினால் புரிந்துகொள்வார்கள். ‘கஷ்டமாக இருக்கிறது’ என்று எழுதினால் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

கடை மேற்பார்வையாளர் லோரியிலிருந்து அரிசி மூட்டை இறக்கச் சொல்கிறார். மறுத்தால் முத்திரை போடமாட்டாரோ என்று பயம்.

ஒரு நாள் ஒரு கை கொடுப்பது மனிதத்தன்மை. வாரந்தோறும் என்றால் கடை தன் ஆள்கூலியை உங்கள் முதுகில் மிச்சம் பிடிக்கிறது. ‘எனக்கு அடுத்த கடைக்கு நேரமாகிறது, ஏஜென்சியிடம் கேட்டுச் சொல்கிறேன் அண்ணே’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, உண்மையாகவே ஏஜென்சியிடம் கேளுங்கள். கடையோடு பேசுவது அவர்கள் பொறுப்பு.

பயிற்சிக்கும் சீருடைக்கும் 150 வெள்ளி முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள். வேலை கொடுக்கிறவன் உங்களிடம் காசு கேட்டால் அவன் தொழில் வேறு.

டைபாய்டு ஊசி விஷயம் தனி. உணவுப் பொருள் இருக்கும் இடத்தில் வேலை செய்ய அதைக் கேட்பது வழக்கம். மூன்றாண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். கிளினிக்கில் நேரே நீங்களே போட்டு, அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செலவைத் திருப்பித் தருவார்களா என்று கேட்பதில் தவறில்லை.

ஏணியிலிருந்து விழுந்தால் யார் பார்ப்பது? வயதான காலத்துக்கு இபிஎஃப்பும் இல்லையே?
— இரு பிள்ளைகளின் தாய்

சுயதொழில் செய்வோருக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோவில் தனித் திட்டம் உண்டு. அதில் மிகக் குறைந்த சந்தா மாதம் 13 வெள்ளி 10 சென், ஆண்டுக்கு 157 வெள்ளி 20 சென். வேலையில் நேரும் விபத்துக்கு அது கைகொடுக்கும். சொக்சோ முகப்பில் உங்கள் வேலையை விவரித்து, எந்தப் பிரிவில் பதிவதென்று கேட்டுப் பதியுங்கள். மாதச் சந்தா, உள்ளூர்க் கடையின் ஒரு மணி நேரக் கூலிக்கும் குறைவு. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இபிஎஃப்பில் ஐ-சாரான் திட்டத்தில் சேருங்கள். நீங்களாகப் போடும் பணத்தில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை அரசாங்கம் சேர்த்துப் போடுகிறது. மாதம் ஐம்பது வெள்ளி போட்டாலும் ஆண்டில் 120 வெள்ளி கூட வருகிறது. இந்த வேலையில் யாரும் தராத போனஸ்.

வருமான வரி?

இந்த வருமானம் தொழில் வருமானமாகக் கணக்கிடப்பட்டால் சம்பளக்காரர்களுக்கான பிஇ பாரம் உங்களுக்கு இல்லை, பி பாரம். கெடு ஜூன் 30. எண்ணெய், நிறுத்துமிடம், கைப்பேசிக் கட்டண ரசீதுகளை ஏழாண்டு வைத்திருக்க வேண்டும். வெயிலில் ரசீது எழுத்து அழிந்துவிடும், படம் எடுத்து வையுங்கள்.

ஒன்றரை ஆண்டாக அதே 35 வெள்ளி. ஏற்றிக் கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ?
— சாலாக் வாசகி

போடலாம். ஆனால் உங்கள் கடைகளின் பின்வாசல் காவலாளி முதல் மேற்பார்வையாளர் வரை தெரிந்த ஆளை மாற்றினால், முதல் மாதம் அவர்களுக்குத் திண்டாட்டம் என்பது அவர்களுக்கே தெரியும். பெருநாள் காலத்தின் நடுவில் கேட்டால் மிரட்டல்போல் தோன்றும். முடிந்தபின் கேட்டால் தேவை போய்விடும். தீபாவளிக்கான கடைகளைப் பங்கிடும் ஜூலை, ஆகஸ்டில் கேளுங்கள். திருப்பி அனுப்பப்படாத அறிக்கைகள் எத்தனை, தவறவிட்ட கடை உண்டா இல்லையா, ஒரு கடைக்கு ஆகும் மொத்த நேரம் என்ன, இவற்றை அரைப் பக்கத்தில் எழுதி, வேண்டிய தொகையையும் எழுதுங்கள். ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்று முடிக்காதீர்கள். 45 என்றால் 45 என்றே எழுதுங்கள். நாற்பதுக்கு இறங்கி வந்தால் பயணப்படியைச் சேர்த்துக் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் எந்தத் தேதியிலிருந்து, எந்தெந்தக் கடைகளுக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘அடுத்த பில்லிலிருந்து’ என்று பதில் வந்தால், எந்த மாதத்துப் பில் என்று அன்றே கேட்டுவிடுங்கள்.