முழுக்க 20 மி.மீ. ஜல்லி போட்டால் போதுமா, 12 எவ்வளவு கலக்கலாம்?

கரூர் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தரைத்தளத்துக்கு மேல் சிலாப் போட்டு சென்ட்ரிங் பிரித்ததும் இரண்டு பீம்களின் அடியில் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. எம்20 கான்கிரீட், சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 தான் போட்டோம், ஜல்லி முழுக்க 20 மி.மீ. அடுத்த சிலாப் மூன்று வாரத்தில். எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ரெண்டு சட்டி கூட்டினால் சரியாகிவிடும், 12 மி.மீ. கலந்தால் பலம் குறையும் என்கிறார் மேஸ்திரி. தெரிந்த இன்ஜினீயர் 20-உம் 12-உம் 70:30 கலக்கச் சொல்கிறார். இரண்டு ஜல்லியையும் கல்லூரி லேபில் சலித்த ரிப்போர்ட்டை அனுப்பியிருக்கிறேன். யார் பேச்சைக் கேட்பது?"

12 மி.மீ. கலந்துவிடுங்கள். ஆனால் 70:30 வேண்டாம், உங்களிடம் இருக்கும் ஜல்லிக்கு 60:40. காரணம் நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. உங்கள் 20 மி.மீ. ஜல்லியில் 10 மி.மீ. சல்லடையைத் தாண்டிக் கீழே விழுவது வெறும் 4 சதவீதம், அதாவது எல்லாம் ஒரே சைஸ் கல். 12 மி.மீ. ஜல்லியில் 62 சதவீதம் விழுகிறது. 20 மி.மீ. தரப்படுத்திய ஜல்லி (பல சைஸும் கலந்தது) என்றால் 10 மி.மீ. சல்லடையில் 25 முதல் 55 சதவீதம் வரை இறங்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தர விதி. இப்போது கணக்குப் போடுங்கள்: 70:30 என்றால் 2.8 கூட்டல் 18.6, மொத்தம் 21.4, தேறவில்லை. 60:40 என்றால் 2.4 கூட்டல் 24.8, மொத்தம் 27.2, தேறிவிட்டது. கடினமான கணக்கெல்லாம் இல்லை, ஆனால் இதைப் போட்டுப் பார்க்காமல் 60:40, 70:30 என்று வாய்ப்பாடு மாதிரி சொல்வதுதான் வழக்கமாகிவிட்டது. வேறு குவாரியின் 12 மி.மீ. ஜல்லியில் 10 சல்லடையைத் தாண்டுவது 40 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது 60:40கூடப் பத்தாது, பாதிக்குப் பாதி போட்டாலும் 22தான் வரும், 10 மி.மீ. ஜல்லியைத் தேடிப் போக வேண்டியிருக்கும். ஆகவே லோடு எடுக்கும் குவாரி மாறினால் மறுபடி சலிக்கணும்.

ஒரே சைஸ் ஜல்லி போட்டால் என்ன கெட்டுவிடும் என்று மேஸ்திரி கேட்டால் ஒரு பெயின்ட் பக்கெட்டை எடுத்து வைத்துக் காட்டுங்கள். 20 லிட்டர் பக்கெட் நிறைய 20 மி.மீ. ஜல்லியைக் கொட்டி, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றினால் விளிம்பைத் தொடுவதற்குள் 8, 9 லிட்டர் குடித்துவிடும். அவ்வளவு இடம் காலி. அந்தக் காலியிடத்தைச் சின்ன ஜல்லி நிரப்பாவிட்டால் மணலும் சிமென்ட் கூழும்தான் நிரப்பியாக வேண்டும், நிரப்பினது போக ஜல்லியைச் சுற்றிப் பூசிக்கொள்ளவும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் கலவை நகராது. நகராத கலவைக்கு சைட்டில் தெரிந்த ஒரே வைத்தியம் ஹோஸ் பைப். தண்ணீர் கூடினதும் கூழ் ஜல்லியை விட்டுப் பிரிந்து கீழே ஓடுகிறது, சென்ட்ரிங் பலகை இடுக்கில் ஒழுகுகிறது, ஜல்லி மட்டும் பீம் அடியில் தனியாக நிற்கிறது. நீங்கள் பார்த்த தேன்கூட்டில் (ஜல்லி பல்லைக் காட்டி ஓட்டை ஓட்டையாக நிற்பதை அப்படித்தான் சொல்வோம்) பெரும்பங்கு இப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சைட்டில் இதே கதைதான். சிமென்ட் சரியில்லை என்று பிராண்டை மாற்றினோம், மேஸ்திரியைத் திட்டினோம், வைப்ரேட்டர் ஊசியை மாற்றினோம். பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஜல்லி தந்த இடத்தில் சல்லடை வலையை மாற்றியிருக்கிறார்கள், நடு சைஸ் முழுக்க வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது!

மேஸ்திரி சொல்வதிலும் பாதி உண்மை உண்டு, அதைத் தள்ளிவிடக் கூடாது. ஜல்லி சைஸ் சின்னதாக ஆக, மொத்த மேற்பரப்பு கூடும், தண்ணீர் கூடக் கேட்கும். 50 மி.மீ. ஸ்லம்ப்புக்கு (கலவை எவ்வளவு இளகலாக இருக்கிறது என்பதன் அளவு) ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 20 மி.மீ. ஜல்லிக்கு 186 லிட்டர் தண்ணீர், 10 மி.மீ. என்றால் 208 லிட்டர் என்று ஐ.எஸ். 10262 கணக்கு வைத்திருக்கிறது. தண்ணீர் சிமென்ட் விகிதத்தை 0.5இல் நிறுத்த நினைத்தால் அந்த 22 லிட்டருக்காக 44 கிலோ சிமென்ட் கூடப் போட வேண்டும், கிட்டத்தட்ட ஒரு மூட்டை. ஆகவே முழுக்கச் சின்ன ஜல்லி போட்டு சிமென்ட்டைக் கூட்டாமல் விட்டால் பலம் குறையத்தான் செய்யும். ஆனால் நாம் பேசுவது பெரிய ஜல்லியின் இடுக்கில் போய் உட்கார்வதற்குச் சின்ன ஜல்லி, அது வேறு கதை. எம்-சாண்டைக் கூட்டுவதிலும் இதே சிக்கல், இன்னும் மோசமாக, ஏனென்றால் அதில் பவுடரும் சேர்ந்து வரும். பூச்சுக்கு விற்கும் பி-சாண்டை எக்காரணம் கொண்டும் கான்கிரீட்டில் சேர்க்க விடாதீர்கள். கிரஷர் டஸ்ட்டும் அப்படித்தான்.

அதற்காக இடுக்கே இல்லாமல் அடைப்பதுதான் சிறந்தது என்று போய்விடவும் வேண்டாம். 1907இல் ஃபுல்லர், தாம்சன் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் மிக நெருக்கமாக அடையும் சைஸ் கலவைக்கு ஒரு வளைகோடு போட்டுக் கொடுத்தார்கள், இன்றும் பாடத்தில் வருகிறது. அதை அப்படியே பிடித்துக் கலந்தால் கலவை முரடாக இருக்கும், கரண்டிக்கு மசியாது, அதிலும் நம் ஊர் உடைகல் கூர்முனையோடு வருவதால் கொஞ்சம் கூடுதல் மணல் தேவைப்படும். கலவையைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டித் தேய்த்துப் பாருங்கள், மேல்பரப்பு மூடிக்கொண்டால் மணல் போதும், ஜல்லி துருத்திக்கொண்டு நடுவில் ஓட்டை தெரிந்தால் போதாது. அப்போது கால் பெட்டி (பெட்டி அளவு அடுத்துச் சொல்கிறேன்) மணலைக் கூட்டி அதே அளவு ஜல்லியைக் குறையுங்கள், வெறுமனே கூட்டாதீர்கள். இந்த வகைக் கலவையில் மணலுக்கு ஜல்லி பொதுவாக 1:2 என்று ஐ.எஸ். 456 சொல்கிறது, 1:1½ வரை போகலாம், அதைத் தாண்டக் கூடாது.

அளப்பதைச் சட்டிக் கணக்கில் விடாதீர்கள், காலையில் கோபுரமாக இருக்கும் சட்டி மாலையில் தட்டையாகிவிடும். ஒரு அடிக்கு ஒரு அடி, உயரம் 9 அங்குலம், இந்த அளவில் இரும்புத் தகட்டிலோ பலகையிலோ ஒரு பெட்டி அடிக்கச் சொல்லுங்கள், முக்கால் கன அடி பிடிக்கும். ஒரு மூட்டை சிமென்ட் 1¼ கன அடி, ஆகவே மூட்டைக்கு 20 மி.மீ. மூன்று பெட்டி, 12 மி.மீ. இரண்டு பெட்டி, எம்-சாண்ட் இரண்டரைப் பெட்டி. 1:1½:3-உம் வந்துவிட்டது, 60:40-உம் வந்துவிட்டது. தண்ணீர் மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர், மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. ஈர மணல் உப்பிக்கொண்டு பெட்டியை ஏமாற்றும் என்பதையும் மறக்க வேண்டாம்: ஒரு கண்ணாடி ஜாரில் ஈர மணலை நிரப்பி, தண்ணீர் ஊற்றிக் கலக்கி அடங்க விடுங்கள், 15 செ.மீ. இருந்தது 12.5 செ.மீ. ஆனால் 20 சதவீதம் உப்பல், பெட்டியில் அவ்வளவு கூடப் போடணும்.

இரண்டு ஜல்லியையும் தனித்தனிக் குவியலாக இறக்குங்கள். ஒன்றாகக் கலந்து கொட்டித் தரச் சொன்னால் பெரிய கல் ஓரத்துக்கு உருண்டு, சின்னது நடுவில் நின்றுவிடும், ஆள் எந்தப் பக்கம் அள்ளுகிறாரோ அதுதான் உங்கள் கலவை. அப்புறம், பீம் அடியில் கம்பி நெருக்கத்தையும் பாருங்கள். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளி, கவர் (கம்பிக்கு வெளியே மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்), இரண்டில் எது குறைவோ அதைவிட ஜல்லி 5 மி.மீ. சின்னதாக இருக்க வேண்டும். 25 மி.மீ. கவர் வைத்திருந்தால் 20 மி.மீ. ஜல்லி மட்டுமட்டாகத் தேறும். லேப் விழுந்த இடத்தில், அதாவது ஒரு கம்பியோடு இன்னொன்றை ஒட்டுப்போட்டுக் கட்டிய இடத்தில், கம்பிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் என்ன விகிதத்தில் கலந்தும் பிரயோஜனமில்லை, கம்பியை நகர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.

இப்போது தெரியும் அந்தத் தேன்கூட்டை சிமென்ட் பூசி மூடச் சொல்லி ஆள் வைப்பதற்கு முன்னால் ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். லூசாக இருக்கும் ஜல்லியைத் தட்டி எடுத்தால் கம்பி தெரிகிறதா, தெரிந்தால் எவ்வளவு நீளத்துக்குத் தெரிகிறது என்பதைப் பார்த்துத்தான் எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்ல முடியும்.