உடம்புக்கு முடியவில்லையா, வர மனமில்லையா?

கேள்வி: ராணிப்பேட்டையில் காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மேலாளருக்குக் காய்ச்சல் வந்ததால் இணையவழிக் கூட்டத்தில் கலந்துகொள்ளவில்லை. இங்கிலாந்து வாடிக்கையாளருக்கு, 'ஹி ஈஸ் இன்டிஸ்போஸ்டு டு அட்டெண்ட் த மீட்டிங்' என்று எழுதினேன். 'எங்கள் மேல் ஏதாவது வருத்தமா?' என்று பதில் வந்திருக்கிறது. எங்கே பிழை? லேசான உடல்நலக் குறைவை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? – வாசகி, ராணிப்பேட்டை

பதில்: நீங்கள் எடுத்த சொல் சரியானதுதான். அதன் பின்னால் ஒட்டிய 'டு அட்டெண்ட்' தான் பொருளைப் புரட்டிவிட்டது. 'இன்டிஸ்போஸ்டு' என்று எழுதி நிறுத்திவிட்டால் 'அவருக்கு உடல்நிலை சற்றுச் சரியில்லை'. அதன் பின் 'டு' சேர்த்து ஒரு வினைச்சொல்லைப் போட்டால் 'அவருக்கு அதைச் செய்ய விருப்பமில்லை'. வாடிக்கையாளர் படித்தது இரண்டாவது பொருளை.

இது நமக்கு அந்நியமான நுட்பம் இல்லை. 'அப்பாவுக்கு முடியவில்லை' என்று வேலூரில் ஒருவர் சொன்னால், எந்த டாக்டரிடம் காட்டினீர்கள் என்று கேட்போம். 'அப்பாவால் வர முடியாது' என்றால் ஏன், என்ன கோபம் என்று கேட்போம். வினை ஒன்றுதான், 'உக்கு' போய் 'ஆல்' வந்ததும், கூடவே ஒரு 'வர' சேர்ந்ததும் பேச்சே வேறாகிவிடுகிறது. தமிழில் நம்மை அறியாமலே கவனிக்கிற இதே வேறுபாட்டை ஆங்கிலத்தில் அந்த 'டு' செய்கிறது. 'இன்டிஸ்போஸ்டு' என்பதன் லத்தீன் மூலச்சொல்லுக்கு 'ஒழுங்காக அடுக்கி வைத்தல்' என்று பொருள். உடலின் ஒழுங்கு குலைந்தால் நோவு. மனம் அந்தப் பக்கம் சாயாவிட்டால் விருப்பமின்மை. இரண்டு பொருளும் ஒரே சொல்லில் தங்கிவிட்டன.

ஆனாலும் அலுவலகக் கடிதத்துக்கு இந்தச் சொல்லை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாடகர் ஒருவர் இன்று மேடையேற முடியாது என்று அரங்கில் அறிவிக்கிற தொனி அதற்கு. சின்னக் கோளாறுக்கு மட்டுமே அது பொருந்தும். அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்திருப்பவரைப் பற்றி அப்படி எழுதக் கூடாது. எல்லா இடத்துக்கும் ஒத்துப்போகும் சொல் 'அன்வெல்'. யாருக்கு எழுதினாலும் அதில் சிக்கல் வராது.

'சிக்' என்ற சொல்லில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்குகிறார்கள். நம் நாட்டிலும் அமெரிக்காவிலும் 'நோய்வாய்ப்பட்டிருக்கிறார்' என்பதுதான் அதன் பொருள். பிரிட்டனிலோ, 'ஹி வாஸ் சிக்' என்றால் பெரும்பாலும் அவர் வாந்தி எடுத்தார் என்று கொள்வார்கள். 'சிக் லீவ்' மட்டும் எங்கும் சிக்கலில்லை. 'சஃபரிங் ஃபிரம் ஃபீவர்' என்று பள்ளியில் பழகிய விடுப்புக் கடித வாக்கியம் வெளிநாட்டவர் காதில் மிகையாக ஒலிக்கும். 'ஹி ஹேஸ் எ ஃபீவர்' போதும். பிரிட்டிஷ்காரர் 'ஹி ஹேஸ் எ டெம்பரேச்சர்' என்றும் சொல்வார், அதுவும் காய்ச்சல்தான்.

'அண்டர் த வெதர்' பழகியவர்களுக்குள் பேசுகிற தொடர். பெயரில் வானிலை இருந்தாலும் அதற்கும் வெயில் மழைக்கும் தொடர்பில்லை. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் தாங்காமல் தலை சுற்றியதைச் சொல்ல அதை எடுக்க வேண்டாம், வெயிலையே சொல்லிவிடுங்கள். முந்தின நாள் குடித்ததால் வந்த சோர்வை மூடிச் சொல்லவும் அதைப் பயன்படுத்துவதுண்டு. ஆகவே முதல் கடிதத்தில் தவிர்ப்பது நல்லது. 'ஆஃப் கலர்' பிரிட்டனில் லேசான சுகவீனம். அமெரிக்கரோ அதை ஆபாசம் கலந்த பேச்சுக்குச் சொல்வார். 'க்வீஸி' என்பது வயிற்றைப் புரட்டுவது மட்டும். வேலூரில் செவிலியர் படிப்பு முடித்து பிரிட்டன் போகிறவர்கள் 'பூர்லி' என்ற சொல்லைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். வீட்டில் குழந்தைக்குச் சளி பிடித்தாலும் அதே சொல்தான். மருத்துவமனையில் நோயாளி 'வெரி பூர்லி' என்றால் நிலைமை மோசம்.

இனி விருப்பமின்மை. நீங்கள் அதைக் கேட்கவில்லை. ஆனால் ஏற்றுமதி அலுவலகத்தில் அதற்குத்தான் விலை அதிகம். வாங்குபவர் ஜோடிக்கு இவ்வளவு குறைத்துக் கொடுங்கள் என்று கேட்கிறார். 'வி ஆர் அன்வில்லிங்' என்று எழுதினால் கதவைச் சாத்திவிட்டீர்கள். 'வி ஆர் ரிலக்டன்ட்' என்றால் தயக்கம் இருக்கிறது, ஆனால் ஆர்டரின் அளவைக் கூட்டினால் பேசலாம் என்று எதிராளி படித்துக்கொள்வார். எனவே பேரம் நடக்க வேண்டுமானால் 'ரிலக்டன்ட்'. முடிவாக மறுக்க வேண்டுமானாலும் 'அன்வில்லிங்' வேண்டாம், முரட்டுத்தனமாக இருக்கும். 'வி ஆர் அஃப்ரெய்ட் வி கேனாட்' என்பது அதே மறுப்பைப் பணிவாகச் சொல்கிறது. இதில் அச்சம் எதுவும் இல்லை, வருத்தம் தெரிவிக்கிற மரபு.

'லோத்' கொஞ்சம் இலக்கிய வாடை அடிக்கும் சொல், மிகுந்த விருப்பமின்மையைக் காட்டும். கடைசியில் ஆங்கில எழுத்து 'ஈ' (e) ஒன்றைச் சேர்த்துவிட்டால் அது 'அருவருக்கிறேன்' என்ற வினையாகிவிடும். வாடிக்கையாளரிடம் அந்தப் பிழை நேரவே கூடாது. 'அவர்ஸ்' என்பது ஒருவரின் விருப்பமின்மை, 'அட்வர்ஸ்' பாதகமான சூழ்நிலை. 'ரெட்டிசன்ட்' என்பதைத் தயங்குகிறவர் எல்லாருக்கும் போடுகிறார்கள். மனம் திறந்து பேசத் தயங்குகிறவருக்குத்தான் அது.

அந்த வாடிக்கையாளருக்கு இன்றே பதில் அனுப்பிவிடுங்கள். இலக்கண விளக்கம் தேவையில்லை. மேலாளருக்குக் காய்ச்சல், அதனால்தான் வரவில்லை, முந்தைய வாக்கியம் தவறாகப் பொருள் தந்துவிட்டது, மன்னிக்கவும் என்று இரண்டே வரி எழுதி, கூட்டத்துக்கு ஒரு புதிய தேதியையும் குறிப்பிடுங்கள். தேதியைப் பார்த்தாலே உங்களுக்கு மனத்தாங்கல் இல்லை என்பது அவருக்கு விளங்கிவிடும்.