எழுத்து அழிந்த ரேடியோ வால்வு

கேள்வி: பழைய பெட்டியில் கிடைத்த ஒன்பது ஊசி வால்வில் (பழைய ரேடியோக்களின் கண்ணாடிக் குழாய்) எழுத்தே இல்லை. என்ன வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் துடைக்காதீர்கள். மிச்சமிருக்கும் மையும் போய்விடும். கண்ணாடிமேல் வாயால் ஊதி, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அழிந்த எழுத்து பனிப்படலத்தில் தெரியலாம். பிலிப்ஸ், மல்லார்ட் வால்வுகளில் அடிப்பக்கம் இரண்டு வரிப் பொறிப்பு இருக்கும். மேல்வரி வகையையும், கீழ்வரி தொழிற்சாலையையும் தேதியையும் குறிக்கும்.

உள்ளே வெள்ளிப் பூச்சு வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்தது.

அடுத்து மின்தடை அளக்கும் மல்டிமீட்டர். அடியிலிருந்து பார்த்து, ஊசி வட்டத்தில் உள்ள அகன்ற இடைவெளியிலிருந்து கடிகாரச் சுற்றில் ஊசிகளை எண்ணுங்கள். சில ஓம் காட்டும் ஜோடிதான் ஹீட்டர், அதாவது சூடேற்றும் இழை. சுழி ஓம் என்றால் வெறும் உள் இணைப்பு. ஹீட்டர் 4, 5 ஊசிகளில் இருந்து, 9ஆம் ஊசிக்கும் அவற்றில் ஒவ்வொன்றுக்கும் இடையே அதில் சரிபாதி மின்தடை காட்டினால் 12ஏஎக்ஸ்7 குடும்ப இரட்டை டிரயோடாக (ஒரே கண்ணாடிக்குள் இரண்டு பெருக்கிகள்) இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடிக்குள் இரண்டு தனித்தனி ஆனோடுகள் (உலோகத் தகட்டுக் கூடுகள்) தெரிகின்றனவா என்றும் பாருங்கள். 9ஆம் ஊசி ஹீட்டரோடு சேராமல் 4, 5 மட்டும் என்றால் இஎல்84 (ஒலிபெருக்கியை இயக்கும் வால்வு) போன்றதாக இருக்கலாம்.

உறுதிசெய்ய ஹீட்டருக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள், 1 வோல்ட்டில் தொடங்கி மெதுவாக. எடுத்தவுடன் 6.3 வோல்ட் கொடுத்தால் 1.4 வோல்ட் ஹீட்டர் கொண்ட வால்வு அந்த நொடியே எரிந்துபோகும். 6.3 வோல்ட்டில் இஎல்84 சுமார் 0.76 ஆம்பியர் இழுக்கும். 12ஏஎக்ஸ்7, ஹீட்டரின் இரு பாதிகளும் இணையாக இருந்தால், 0.3. ஆனால் அதே குடும்பத்து 12ஏயு7, 12ஏடி7 இரண்டும் அதே 0.3தான். அவற்றைப் பிரித்தறிய வால்வு சோதனைக் கருவி வேண்டும்.