ஓடும் பிள்ளைக்கு முட்டியில் நீர் கோர்த்தால்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள், 400 மீட்டரும் 600 மீட்டரும் ஓடுகிறாள். நான்கு மாதமாகப் பயிற்சி முடிந்த அன்று சாயங்காலம் வலது முட்டி வீங்குகிறது. மூன்று நாள் ஓடாமல் இருந்தால் வற்றிவிடுகிறது, ஓடினால் திரும்ப வருகிறது. மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கித் தருகிறேன், அப்போதைக்குக் கேட்கிறது. முட்டியில் சொடக்குச் சத்தம் வருகிறது. ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் 4.8, மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் நெகட்டிவ், ஏ.எஸ்.ஓ. 300. வயதுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, அதனால் இருக்குமா? கால்சியம் குறைவா? ஷூ சரியில்லையா? சம்மணம் போட்டு உட்காரலாமா? சில நாள் மாடிப்படியில் பாதியில் நின்று, காலை உதறிவிட்டு ஏறுகிறாள். தெரிந்த ஒருவர் நீரை எடுத்துவிட்டு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார். யூடியூபில் தேடினால் எலும்புப் புற்றுநோய் என்றே வருகிறது. அவள் நன்றாகத் தூங்குகிறாள், எனக்குத்தான் தூக்கம் இல்லை. அடுத்த மாதம் குறுவட்டப் போட்டி வேறு இருக்கிறது.
– ஒரு தாய், தேனி மாவட்டம்

பதில்:

அம்மா, புற்றுநோய் பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். அது மனதில் இருக்கும்வரை நான் சொல்லும் மற்ற எதுவும் உங்கள் காதில் ஏறாது.

வளரும் பிள்ளைகளுக்கு எலும்புப் புற்றுநோய் வந்தால் முட்டியைச் சுற்றித்தான் அதிகம் வருகிறது. அந்த வீடியோக்கள் சொல்லும் இந்த ஒரு விஷயம் உண்மை. ஆனால் அந்த வீக்கம் எலும்பின் மேல் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். வாரத்துக்கு வாரம் பெரிதாகுமே தவிர, மூன்று நாள் ஓய்வுக்கு வற்றிப் போகாது. வலியும் ஓட்டத்தோடு மட்டும் நிற்காமல், படுத்திருக்கும்போதும் வரும், நடுராத்திரியில் பிள்ளையை எழுப்பும். உங்கள் மகளுக்கு ஓடிய அன்று வீங்கி மூன்றாம் நாள் இறங்குகிறது, இரவில் தூங்குகிறாள். எப்படியும் ஒரு எக்ஸ்ரே எடுக்கத்தான் போகிறோம். மிச்சச் சந்தேகம் பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். அதுவரை அந்த வீடியோக்களைப் பார்க்காதீர்கள். அதில் பேசுகிறவர் உங்கள் மகளின் முட்டியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. முட்டிக்குள் நான்கு மாதமாக நீர் கோர்ப்பதும், படிக்கட்டில் நின்று காலை உதறுவதும். பத்துக் கேள்விகளுக்கு நடுவில் ஒற்றை வரியாக நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்தப் படிக்கட்டு விஷயம்தான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமானது.

ஓடும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு முட்டி வலிக்கும். சில்லைச் சுற்றி வலி, படி இறங்கும்போது வலி, வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் வலி. பலருக்குச் சில்லுக்குக் கீழே, முன்காலெலும்பின் மேல்முனையில் ஒரு முண்டு தள்ளிக்கொண்டு நிற்கும், தொட்டால் வலிக்கும். பாஸ்டனில் ஆஸ்குட், சூரிச்சில் ஷ்லாட்டர் என்று இரண்டு மருத்துவர்கள் 1903-இல் தனித்தனியாக இதை எழுதி வைத்தார்கள். வளர்ச்சி முடியும்போது அந்த வலி பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். இந்த மாதிரி வலிகளுக்கு ஓட்டத்தைக் குறைத்து, தொடைத் தசையைப் பலப்படுத்தினால் போதும். நான் பெற்றோரைப் பயமுறுத்துவதில்லை.

ஆனால் இவை எதிலும் மூட்டுக்குள் நீர் சேராது. வலி வேறு, வீக்கம் வேறு. வளரும் பிள்ளைக்கு மூட்டுக்குள் நீர் சேர்கிறது, அதுவும் திரும்பத் திரும்பச் சேர்கிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டிருக்கிறது. அதை 'ஓடுறதால வர்ற வலி' என்று சொல்லித் தள்ளிவிடக் கூடாது.

உள்ளே இருப்பது நீர்தானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பயிற்சி முடிந்து வீங்கியிருக்கும் நாளில் மகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள். இரண்டு காலையும் நீட்டி, தொடையைத் தளர்வாக விடச் சொல்லுங்கள். நல்ல முட்டியில் சில்லுக்கு இரண்டு பக்கமும் சின்னக் குழி தெரியும். வீங்கிய முட்டியில் அந்தக் குழி தூர்ந்துபோயிருக்கும். இப்போது உள்பக்கக் குழி இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தொடையை நோக்கி மேலே மெதுவாக இரண்டு மூன்று முறை தடவுங்கள். அந்தப் பக்கம் காலியாகிக் குழி விழும். உடனே வெளிப்பக்கம் மேலிருந்து கீழே தடவுங்கள். உள்பக்கக் குழியில் ஒரு சின்ன அலை மாதிரி எழும்பி நிரம்பினால், அது மூட்டுக்குள் இருக்கும் நீர். நீர் நிறைய இருந்தால் இந்த அலை தெரியாது, முட்டியே உப்பிப்போய் இருக்கும். அப்புறம் ஒரு தையல் டேப் எடுத்து, சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே இரண்டு தொடையையும் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். முட்டியில் நீர் இருந்தால் தொடையின் முன்தசை முழுசாக வேலை செய்யாது, சில வாரத்திலேயே மெலியும். வலது தொடை ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், வெளியே தெரிவதைவிட உள்ளே பிரச்சினை பழசு. இந்த நிலையில் 'இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடினா காலுக்கு பலம் வரும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வராது.

கடிதத்தை வைத்து இதுதான் நோய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 13 வயது, ஓட்டம், வந்து வந்து போகும் நீர், படிக்கட்டில் காலை உதற வைக்கும்படி இடையில் சிக்கிக்கொள்ளும் முட்டி என்று சேர்த்துப் பார்த்தால் முதலில் தேட வேண்டியது ஆஸ்டியோகாண்ட்ரைட்டிஸ் டிசெக்கன்ஸ். பெயர் நீளம், விஷயம் எளிது. தொடை எலும்பின் உருண்ட கீழ்முனையில், வழவழப்பான குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பில் ஒரு சின்ன இடம் ரத்த ஓட்டம் குறைந்து பலவீனமாகிவிடுகிறது. அடியில் மண் இறங்கிய தார் ரோடு மாதிரி. மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், வண்டி ஓட ஓட ஓரத்தில் விரிசல் விட்டு ஒருநாள் அந்தத் துண்டே பெயர்ந்துவிடும்.

கோனிக் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதற்குப் பெயர் வைத்தபோது, இது அழற்சி என்று நினைத்து 'ஐட்டிஸ்' என்று சேர்த்துவிட்டார். பின்னால் பார்த்ததில் அங்கே அழற்சியே முக்கியமில்லை என்று தெரிந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் வாங்கித் தருவது அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரை. அது வீக்கத்தையும் வலியையும் அடக்கும், அடியில் இறங்கிய எலும்பை ஒட்டாது. 'ஓடாதே' என்று அந்த முட்டி சொல்ல முடிந்த ஒரே வழி வீக்கமும் வலியும்தான். மாத்திரை அதன் வாயை அடைத்துவிட்டு, பிள்ளையை மறுநாள் மைதானத்துக்கு அனுப்புகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அப்பா தன் மகனை அழைத்து வந்தார். பத்தாம் வகுப்பு, நல்ல ஓட்டக்காரன். ஒரு மஞ்சள் பை நிறைய வெறும் மாத்திரை அட்டைகளை மேசையில் கொட்டினார், பதினோரு மாத மாத்திரைகள். அதில் ஸ்டீராய்டும் இருந்தது. முட்டியை மடக்கி நீட்டியபோது ஓர் இடத்தில் டக்கென்று நின்றது. உள்ளே பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு கழன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஓரம் மழுங்கிப்போனதால் அதைத் திரும்பப் பொருத்த முடியவில்லை, எடுத்துத்தான் போட வேண்டியிருந்தது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் ஓய்வே மருந்தாக இருந்திருக்கும். அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் மெடிக்கல் மாத்திரை என்றால் எனக்குக் கோபம் வருகிறது. வெயிலில் வியர்த்து ஓடும் பிள்ளைக்கு இந்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை போட்டியின்போது தடை செய்யப்பட்ட ஊக்கமருந்தும்கூட. வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள்; அதில் ஸ்டீராய்டும் இருந்து, வாரக்கணக்கில் தினமும் கொடுத்திருந்தால் அதை மட்டும் மருத்துவரிடம் கேட்டே நிறுத்துங்கள்.

வயதுக்கு வந்ததால் முட்டி வீங்காது. ஆனால் அந்தத் தகவலை எழுதியது நல்லதாயிற்று. பெரும்பாலான பெண் பிள்ளைகளுக்கு அதிலிருந்து இரண்டு, இரண்டரை வருடத்தில் வளர்ச்சி முடிந்துவிடும், முட்டி அருகே எலும்பை நீள வைக்கும் வளர்தட்டு மூடிவிடும். உங்கள் மகளுக்கு அது இன்னும் திறந்துதான் இருக்கும். வளர்தட்டு திறந்திருந்து, குருத்தெலும்பும் உடையாமல் இருக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தப் புண் அறுவை இல்லாமலே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ஆறிவிடுகிறது. தட்டு மூடிய பிறகு அந்த வாய்ப்பு வேகமாகக் குறையும். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, அதை மாத்திரையில் தொலைக்காதீர்கள்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வலி இல்லாத சொடக்குச் சத்தம் ஒன்றும் செய்யாது. யூரிக் ஆசிட் இந்த வயதில் பார்க்கவே தேவையில்லை. ஏ.எஸ்.ஓ. 300 என்றால் முன்பு எப்போதோ தொண்டையில் ஒரு கிருமி வந்து போயிருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். அந்த எண்ணைக் காட்டி 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி என்று யாராவது தொடங்கினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஊசி, தொண்டைக் கிருமிக்குப் பின் சிலருக்கு மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலுக்கானது. அது ஒரே முட்டியில் நான்கு மாதம் பயிற்சி நாள் பார்த்து வராது. கால்சியம், கேழ்வரகிலும் பாலிலும் கிடைப்பது போதும். ஷூ தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், ஆனால் ஷூவால் மூட்டுக்குள் நீர் வராது. சம்மணம், வலிக்காவிட்டால் உட்காரட்டும்.

நீரை எடுத்துவிட்டு ஊசி போடும் யோசனையை மட்டும் அப்படித் தள்ள முடியாது. காரணம் தெரியாமல் போடும் ஸ்டீராய்டு ஊசி ஆபத்து. நம் ஊரில் ஒற்றை முட்டி வீக்கத்துக்குக் காசநோயும் ஒரு காரணம், அதன் மேல் ஸ்டீராய்டு போட்டால் நோய் உள்ளே பரவும். நீரை எடுக்கத்தான் வேண்டும் என்று ஒரு மருத்துவர் முடிவு செய்தால், எடுத்த நீர் குப்பைக்குப் போகக் கூடாது, லேபுக்குப் போக வேண்டும். இதை நீங்கள் வாய்விட்டுக் கேளுங்கள். எண்ணெய் போட்டு நீவுவதும் வேண்டாம்.

இன்னும் இரண்டு காரணங்களையும் மருத்துவர் பார்ப்பார். ஒன்று, முட்டிக்குள் பிறை வடிவில் இருக்க வேண்டிய ஜவ்வு சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வட்டமாகத் தடித்திருக்கும். ஆசிய நாட்டுப் பிள்ளைகளிடம் இது கொஞ்சம் அதிகம், இதிலும் முட்டி சிக்கும். மற்றொன்று குழந்தைகளின் மூட்டுவாதம். ஓடாத நாளிலும் வீக்கம் இருக்கிறதா, காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரம் முட்டி விறைப்பாக இருக்கிறதா என்று கவனியுங்கள். இந்த மூட்டுவாதத்தில் ஆர்.ஏ. ஃபாக்டர் பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் இருக்கும், எனவே அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். மூட்டுவாதம் என்று தெரிந்தால் கண் மருத்துவரிடமும் காட்ட வேண்டும். சில பிள்ளைகளுக்கு வலியோ சிவப்போ இல்லாமல் கண்ணுக்குள் பாதிப்பு நடந்துகொண்டிருக்கும்.

சரி, இந்த வாரம் என்ன செய்வது? எலும்பு மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரே இரண்டு முட்டிக்கும் எடுக்கச் சொல்லுங்கள், இந்தப் பிரச்சினை அடுத்த முட்டியில் சத்தமில்லாமல் இருப்பதும் உண்டு. நேராக நிற்க வைத்து மட்டும் படம் எடுத்தால் இது கண்ணில் படாமல் தப்பிவிடலாம். புண் பெரும்பாலும் சற்றுப் பின்பக்கமாக இருப்பதால், முட்டியை மடக்கி வைத்து எடுக்கும் 'நாட்ச் வியூ' படமும் வேண்டும். படத்தில் ஏதாவது தெரிந்தாலும், தெரியாமலே நீர் திரும்ப வந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதைக் குறைந்த கட்டணத்தில் எடுக்கலாம்.

குறுவட்டப் போட்டியில் இந்த முறை அவள் ஓடக் கூடாது. உங்கள் மகளுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன். காரணம் தெரியும்வரை ஓட்டம், குதித்தல், ஸ்கிப்பிங் மூன்றும் நிற்க வேண்டும். வலிக்காத அளவு நடக்கலாம், பள்ளிக்குப் போகலாம். படுத்துக்கொண்டு முட்டியை மடக்காமல் காலை ஓர் அடி உயரம் தூக்கி, ஐந்து எண்ணி இறக்கும் பயிற்சியைப் பத்துப் பத்தாக மூன்று முறை தினமும் செய்யட்டும், தொடைத் தசை மெலியாமல் இருக்கும். பி.டி. ஆசிரியரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். அந்தப் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் வைத்தால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்து சொல்லாமல் விட்டுவிடுவாள். ஆஸ்டியோகாண்ட்ரைட்டிஸ் என்றே தெரிந்தாலும், எக்ஸ்ரேயில் புண் ஆறியது தெரிந்தபின் திரும்ப ஓடிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவரிடம் போவதற்கு முன்பே முட்டி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்ட வராமல் போனாலோ, இரவில் வலி எழுப்பினாலோ ஓரிரு நாளுக்குள் காட்டுங்கள். காய்ச்சலோடு முட்டி சுட்டு, சிவந்து, கால் ஊன்ற முடியாமல் போனால் அன்றைக்கே, ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் ஒரு நாள் தாமதமும் குருத்தெலும்பைத் தின்றுவிடும்.

மருத்துவரிடம் போகும்போது கொடுத்த மாத்திரைகளின் அட்டைகளையும், எந்தெந்த நாள் ஓடினாள், எந்தெந்த நாள் வீங்கியது என்று எழுதிய தாளையும் எடுத்துப் போங்கள். படிக்கட்டில் முட்டிக்குள் என்ன ஆகிறது என்று மருத்துவர் கேட்டால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். வலிக்கிறதா, சிக்குகிறதா, வழுக்குகிறதா, ஏதோ நகர்கிற மாதிரி இருக்கிறதா என்று அவளே சொல்லட்டும்.