மாலைக் காற்றும் பாராமோட்டாரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெங்களூரில் பயிற்சி பெற்ற என் நண்பர்கள் மாசி மாதம் பாராமோட்டாருடன் (துணி இறக்கையின் கீழ் தொங்கியபடி, முதுகில் கட்டிய விசிறி இயந்திரத்தால் பறக்கும் கருவி) வருகிறார்கள். அறுவடை முடிந்த வயல்களின் மேல் ஒரு மாலை பறந்து, அப்படியே தொண்டிக் கடல் வரை சென்று திரும்ப விரும்புகிறார்கள். எது ஏற்ற நேரம்? (வாசகர், திருவாடானை)

பதில்: நேரத்திற்கு முன் அனுமதியைக் கவனியுங்கள். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் உள்ளது. இலங்கைக் கடல் எல்லையும் தொலைவில் இல்லை. மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் எழுத்தில் இசைவு தராமல் இயந்திரத்தை முடுக்கவே வேண்டாம்.

பகலில் வெற்று வயல் விரைவில் சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்புகிறது. நீர் நிற்கும் கண்மாயின் மேல் காற்று தாழ்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் துணி இறக்கை குலுங்கும், ஒரு பக்கம் மடியவும் கூடும். வெயில் சாய்ந்து நிலம் ஆறத் தொடங்கியதும் காற்று சீராகிவிடுவதால்தான் மாலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் மாசியில் 6.20 மணியளவில் சூரியன் மறைந்துவிடும், நம் பகுதியில் அந்தி நீடிப்பதும் இல்லை. மேலிருந்து பார்க்கையில் மின்கம்பி கண்ணில் படாது; கம்பத்தைக் கண்டுதான் கம்பி போகும் தடத்தை அறிய முடியும். வெளிச்சம் மங்கினால் கம்பம் எது, பனை எது என்றே தெரியாது. ஆகவே ஆறு மணிக்குள் அனைவரும் தரையிறங்கிவிட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடலுக்கு மேல் செல்வதை நான் ஏற்கவில்லை. மாசியில் கொண்டல் காற்று கடலிலிருந்து கரை நோக்கி வீசுவது சாதகம்தான். ஆனால் இந்த இறக்கையின் வேகமே மணிக்கு ஏறத்தாழ 35 முதல் 50 கிலோமீட்டர். எதிர்க்காற்று 30 கிலோமீட்டரைத் தொட்டால் முன்னேறுவதே அரிது. இயந்திரம் நின்றாலும் இறக்கை மிதந்துதான் இறங்கும். 100 மீட்டர் உயரத்திலிருந்து அரை கிலோமீட்டர் அளவு செல்லலாம். வயலில் அது போதும். நீரிலோ, முதுகில் 20, 30 கிலோ இயந்திரமும் உடலைச் சுற்றிய வார்களும் கயிறுகளும் ஆளை அமிழ்த்திவிடும், கண்மாயிலும் அப்படியே. ஆடியில் கச்சான் காற்று நிலத்திலிருந்து பாக் நீரிணை நோக்கித் தள்ளும் காலத்தில் கரையோரமே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாரை பறக்காத 48 மடை என்று பெயர் பெற்ற ஆர்.எஸ். மங்கலம் கண்மாய் போன்ற நீர்நிலைகளுக்குக் கூழைக்கடாவும் நாரையும் அடைய வருவதும் இதே நேரம்தான். பறவைகளின் வழி அவற்றுக்கே இருக்கட்டும். கண்மாயை விட்டு நன்றாக விலகிப் பறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கத்து வயலில் பாராமோட்டாரில் பறக்கப் போவதாகச் சிலர் சொல்கிறார்கள். என் களத்தில் முண்டு மிளகாய் காய்கிறது, ஆட்டுக்கிடையும் போட்டிருக்கிறேன். மறுக்கலாமா? (விவசாயி, தேவிபட்டினம்)

பதில்: தாராளமாக மறுக்கலாம். அந்த இயந்திரத்தின் விசிறி (புரொப்பல்லர்) பின்னால் தள்ளும் காற்று புழுதியை வாரி மிளகாயின் மேல் இறைக்கும். புழுதி படிந்த வற்றலுக்கு விலை இறங்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாழப் பறக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு ஆடுகள் மிரண்டு பட்டியை உடைத்துக்கொண்டு ஓடக்கூடும், சினையாடுகள் நசுங்கும். களத்திலிருந்தும் கிடையிலிருந்தும் காற்று வீசும் திசைக்கு ஏற்ப விலகி, வேறொரு தரிசில் ஏறி இறங்க அவர்கள் ஒப்புக்கொண்டால் அனுமதியுங்கள். புறப்படும் இடத்தை அவர்களுடன் நடந்து சென்று, கருவேல முள் இல்லாத இடமாக நீங்களே காட்டிவிடுவது இருவருக்கும் நல்லது.